'நீங்க போயிட்டு வாங்க, நான் கரையிலயே இருக்கேன்!' - கடல் ஒத்துக்காத அம்மாவோடு அந்தமான் போவது எப்படி?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் 'அந்தமான் போலாமா?' என்று ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். அடுத்த நிமிடமே தம்பி ஸ்கூபா வீடியோ ஒன்றைத் தட்டிவிடுவான். அப்பா ஃபிளைட் டிக்கெட் விலை கேட்பார். அக்கா பிள்ளைகள் 'அங்க ஆமை இருக்குமா? முதலை இருக்குமா?' என்று வாய்ஸ் நோட் போடுவார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு அம்மாவிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். 'எனக்கு பஸ்ஸே ஒத்துக்காது. நீங்க எல்லாரும் நல்லபடியா போயிட்டு வாங்க.'

இதற்குப் பிறகு பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அம்மா நிஜமாகவே வீட்டில் தங்கிவிடுவார். இல்லையென்றால், 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா' என்று வற்புறுத்தி அழைத்துப் போவோம். முதல் ஃபெர்ரியிலேயே வாந்தியெடுத்து, முகம் வெளுத்து, மீதி நாள்களை ஹோட்டல் அறையில் படுத்தே கழிப்பார். ரெண்டுமே நஷ்டம்தான்!

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பிளானையே மாற்றிப் போடுவது. 'எத்தனை தீவு பார்க்கலாம்?' என்று ஆரம்பிக்காமல், 'மொத்தம் எத்தனை மணி நேரம் கடலில் இருக்கப்போறோம்?' என்று கணக்குப் போட்டு ஆரம்பித்தால், கடல் ஒத்துக்காதவர்களும் தீவுக்காட்டையும் அதன் உயிர்களையும் தாராளமாகப் பார்த்துவிட்டு வரலாம்.

டார்வினுக்கும் இதே கதைதான்!

தீவு, காட்டுயிர் என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர் சார்லஸ் டார்வின். 1831-ல் 'பீகிள்' கப்பலில் ஏறி, 1836-ல் ஊர் திரும்பியவர். கலாபகஸ் தீவுகளின் ஆமைகளையும் குருவிகளையும் உலகமே பேசவைத்தவர். ஆனால், மனிதருக்குக் கடல் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. ஏறிய நாளிலிருந்து பயணம் முடியும்வரை குமட்டல் அவரை விடவே இல்லை.

பிறகு எப்படிச் சமாளித்தார்? கப்பல் எங்கே நின்றாலும் இறங்கிவிடுவார். கிட்டத்தட்ட ஐந்து வருடப் பயணத்தில், மூன்று வருடங்களுக்கு மேல் அவர் இருந்தது நிலத்தில்தான். கடலில் கழிந்தது சுமார் 18 மாதங்கள். உலகின் மிகப் பிரபலமான தீவுப் பயணத்தைச் செய்தவரே, கடலில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, கரையில் இருக்கும் நேரத்தைக் கூட்டியவர்தான். நம் பிளானும் அதேதான்.

ஏன் சிலருக்கு மட்டும் குமட்டுது?

காதின் உள்பகுதியில் இருக்கும் சமநிலை உறுப்பு, உடல் ஆடுவதை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். படகு ஆடும்போது 'நாம ஆடுறோம்' என்கிறது காது. எதிரே இருக்கும் சீட்டையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், 'இல்லையே, எல்லாம் அசையாமத்தானே இருக்கு' என்கிறது. இந்த இரண்டு தகவலும் முட்டிக்கொள்ளும்போது மூளை குழம்புகிறது. கொட்டாவி, வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, குமட்டல், வாந்தி என வரிசையாக வருவது இந்தக் குழப்பத்தால்தான்.

ஆகவே, இது மன தைரியம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. பள்ளிப் பருவத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு வயது ஏற ஏறக் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடுதலாக வரும். எனவே அம்மாவோடு சேர்த்து, அக்காவின் எட்டு வயதுப் பெண்ணையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கார், பஸ்ஸில் வாந்தியெடுப்பவர்களுக்குக் கடலிலும் வர வாய்ப்பு அதிகம்.

முதல் கணக்கு: கடல் நேரம்

பேப்பர் எடுத்து எழுதிவிடுங்கள்.

* சென்னையிலிருந்து கப்பல்: ஒரு வழிக்கே சுமார் 60 மணி நேரம். இந்தக் குடும்பத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

* சென்னையிலிருந்து விமானம்: இரண்டே கால் மணி நேரம் போல. கடல் நேரம் பூஜ்யம்.

* போர்ட் பிளேரிலிருந்து ராஸ் தீவு: போக வர மொத்தம் அரை மணி நேரம்.

* வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவு: போக வர சுமார் 2 மணி நேரம்.

* ஹேவ்லாக் மட்டும்: எந்த ஃபெர்ரி என்பதைப் பொறுத்து, போக வர 3 முதல் 5 மணி நேரம்.

* ஹேவ்லாக், நீல் இரண்டும்: மூன்று ஃபெர்ரி பயணங்கள். மொத்தம் 4 முதல் 6 மணி நேரம்.

(ஒரு குறிப்பு: 2018-ல் ராஸ் தீவு 'நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு' என்றும், ஹேவ்லாக் 'ஸ்வராஜ் தீவு' என்றும், நீல் 'ஷஹீத் தீவு' என்றும் பெயர் மாறின. 2024-ல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆனது. டிக்கெட் தளங்களில் புதுப் பெயர்களும் வரும், குழம்ப வேண்டாம்.)

டூர் பேக்கேஜ்களில் ஹேவ்லாக், நீல் இரண்டையும் சேர்த்தேதான் கொடுப்பார்கள். 'ஒரு தீவு போதும், அங்கேயே கூடுதலா ஒரு ராத்திரி தங்குறோம்' என்று கேளுங்கள். ஒரு ஃபெர்ரி பயணம் மொத்தமாகக் குறையும். ஒருநாள் முழுக்க ஓய்வும் கிடைக்கும்.

எந்த மாசம், எந்த நேரம்?

மாத்திரையைவிடப் பெரிய மருந்து காலண்டர்தான். மே மாதப் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிப்பாக இருக்கும், ஃபெர்ரிகள் ரத்தாவதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வங்கக்கடலில் புயல் சீசன். ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல்வரைதான் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் காலம். பள்ளி விடுமுறைதான் பார்க்க முடியும் என்றால், மே கடைசியைவிட ஏப்ரல் கடைசி நல்லது.

நாளில் எது நல்ல நேரம்? காலை. பொழுது ஏற ஏறக் காற்று கூடும், அலையும் கூடும். அதனால் எல்லா ஃபெர்ரிகளையும் காலை நேரத்துக்கே புக் பண்ணுங்கள். அந்தமானில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நம் ஊர்க் கடிகாரம்தான் என்றாலும், நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் பொழுது சீக்கிரமே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மார்ச்சில் ஐந்தரை வாக்கில். சீக்கிரம் எழுந்து, சீக்கிரம் ஊர் சுற்றி, சீக்கிரம் தூங்குவதுதான் அங்கே சரிப்படும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து அலை உயரத்தைப் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், கடல் நிலை முன்னறிவிப்பை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அலை 1 மீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் பயமில்லை. 2 மீட்டரை நெருங்கினால் அம்மாவுக்கு அன்று கரைதான். இன்னொரு எளிய வழி, கேட்பது. போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய பேர். ஜெட்டி பக்கம் 'அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?' என்று தமிழிலேயே கேட்டுவிடலாம்.

படகே ஏறாம பார்க்கக்கூடியவை

அந்தமானில் காட்டுயிர் என்றால் கடலுக்கு அடியில்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காரில் போய் இறங்கிப் பார்க்கவே இரண்டு நாளுக்கான விஷயம் இருக்கிறது.

போர்ட் பிளேரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது சிடியா டாப்பு. பறவைகள் தீவு என்று பெயர். ஆனால், சாலையிலேயே போய்விடலாம். அந்தமானைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் சில இங்கே இருக்கின்றன. அந்தமான் கருப்பு மரங்கொத்தி, அந்தமான் வால்காக்கை, அந்தமான் பாம்புக் கழுகு எனப் பட்டியல் போகும். பெரும்பாலானவர்கள் சூரியன் மறைவதைப் பார்க்க மட்டும் வந்துவிட்டுத் திரும்புவார்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர், ஒரு சின்ன நோட்டு. யார் அதிகம் எண்ணுகிறார்கள் என்று போட்டி வைத்தால், வீடு திரும்பவே மாட்டார்கள். அங்கேயே உயிரியல் பூங்காவும் இருக்கிறது.

அடுத்தது சிப்பிகாட். 2004 சுனாமியை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. விவசாய நிலங்களுக்குள் கடல்நீர் புகுந்து, அவை சதுப்புநிலங்களாகவே மாறிவிட்டன. வயலை இழந்தவர்களின் துயரம் ஒருபக்கம் இருக்க, அந்த இடத்தில் இன்று கொக்கு, நாரை, உள்ளான், அந்தமான் கிளுவை வாத்து என நீர்ப்பறவைகள் இரை தேடுகின்றன. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தியே பார்க்கலாம். காலை ஆறு மணிக்குப் போவது உத்தமம்.

நகருக்குள் கடற்படை நடத்தும் 'சமுத்ரிகா' அருங்காட்சியகம் இருக்கிறது. நிகோபாரில் கரை ஒதுங்கிய இளம் நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே நிற்கிறது. கடல் மோசமாக இருக்கும் நாளுக்கென்று இதை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

15 நிமிஷ டெஸ்ட்

நேராக ஹேவ்லாக் ஃபெர்ரியில் ஏற்றுவது, நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் இறக்குவது மாதிரி. முதலில் ராஸ் தீவுக்குப் போய்ப் பாருங்கள். அபர்தீன் ஜெட்டியிலிருந்து கால் மணி நேரப் படகுப் பயணம். ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களை ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும். அவற்றுக்கு நடுவே புள்ளிமான்கள் ஆள் பயமில்லாமல் திரியும், மயில்களும் உண்டு. மான்கள் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டவை. நடக்க முடியாத பெரியவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் விடுமுறை இருக்கும், முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த அரை மணி நேரத்தை அம்மா எப்படிக் கடந்தார் என்பதை வைத்துதான் மற்ற நாள்களை முடிவு செய்ய வேண்டும். லேசான தலைசுற்றல் மட்டும் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இதற்கே வாந்தி வந்தால், ஹேவ்லாக்கை விட்டுவிடுவதில் தப்பே இல்லை.

இந்த டெஸ்ட்டை இங்கேயே செய்து பார்க்கலாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு சில நிமிடங்களே ஓடினாலும், திறந்த கடல்தான். நல்லா ஆட்டும். பிச்சாவரத்தில் பிரச்னை வரவில்லையே என்று நினைக்காதீர்கள். அங்கே அலையே கிடையாது. ஆனால், அந்தப் பிச்சாவரம் நமக்கு வேறொரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கிறது.

அலையாத்திக் காடு இருக்க பயமேன்?

பிச்சாவரத்தில் ஆடாமல் போகிறோமே, ஏன்? அலையை ஆற்றுவதால்தான் அது அலையாத்திக் காடு! பெயரிலேயே பதில் இருக்கிறது. அந்தமானிலும் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே போகும் கால்வாய்களைத் தேர்ந்தெடுத்தால், படகுப் பயணம் கிட்டத்தட்ட ஏரியில் போவது மாதிரிதான்.

போர்ட் பிளேரிலிருந்து சாலையில் ஒரு மணி நேரத்தில் வண்டூர். 1983-ல் உருவான மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் நுழைவாயில் இது. இங்கிருந்து ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளில் ஒன்றுக்குப் படகு போகும். பவளப்பாறைகளுக்கு ஓய்வு கொடுப்பதற்காக, ஒரு சமயத்தில் ஒரு தீவைத்தான் திறப்பார்கள். பாதையில் பெரும்பகுதி தீவுகளுக்கு இடையிலேயே போவதால், திறந்த கடலைவிட ஆட்டம் குறைவு. வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குத் தடை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ணாடி அடித்தளப் படகு என்றதும் 'இது ஈஸிதானே' என்று அம்மாவை உட்கார வைத்துவிடுவோம். குமட்டல் வருபவர்களுக்கு இதுதான் சிரமம். ஆடும் படகில் தலையைக் குனிந்து, கீழே நகரும் பவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? சில நிமிடம் பார்ப்பது, நிமிர்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லுங்கள்.

பாராடாங்கிலும் இப்படி அலையாத்திக் காட்டுக்கு நடுவே அருமையான படகுப் பயணம் இருக்கிறது. மாலையில் கிளிக்கூட்டம் வந்து அடையும் பேரட் தீவும் அங்கேதான். ஆனால், இரண்டு விஷயங்களை யோசித்து முடிவெடுங்கள். ஒன்று, விடியற்காலையிலேயே கிளம்பி வளைந்து நெளிந்த சாலையில் நீண்ட நேரம் போக வேண்டும். பஸ் ஒத்துக்காத அம்மாவுக்குக் கடலைவிட இது மோசமாக இருக்கலாம். இரண்டு, அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்கு நடுவே போகிறது. வண்டியை நிறுத்துவது, போட்டோ எடுப்பது, சாப்பிட எதையாவது கொடுப்பது எல்லாமே சட்டப்படி குற்றம். அவர்கள் வேடிக்கைப் பொருள் இல்லை என்பதை, கிளம்பும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு. அந்த வழியில் போவதே வேண்டாம் என்று தவிர்ப்பவர்களும் உண்டு.

ஹேவ்லாக்கா, நீலா?

டெஸ்ட்டில் பாஸ் என்றால், இரண்டில் ஒன்று. காட்டு மரங்கள் கரைவரை இறங்கி நிற்கும் ராதாநகர் கடற்கரை, ஸ்கூபா எல்லாம் வேண்டுமென்றால் ஹேவ்லாக். கடல் உயிர்களைப் படகே ஏறாமல் பார்க்க வேண்டுமென்றால் நீல்.

நீல் தீவின் லட்சுமண்பூர் பக்கம் இயற்கையாக உருவான பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறை இடுக்குகளில் குட்டிக் குட்டிக் குளங்கள் உருவாகும். நண்டு, சின்ன மீன்கள், கடல் வெள்ளரி என ஒரு பெரிய மீன்தொட்டியே கால்மாட்டில் கிடக்கும். ஆமாம், கால்மாட்டில்! அம்மா நின்றபடியே பார்க்கலாம். இதற்கு நேரம்தான் முக்கியம். கடல் எத்தனை மணிக்கு உள்வாங்கும் என்று தங்குமிடத்தில் கேட்டு, அதற்கேற்ப அந்த நாளையே திட்டமிடுங்கள். பாறை வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு அவசியம். எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். பவளத் துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டு வருவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஃபெர்ரியில் இரண்டு வகை. தனியார் ஃபெர்ரிகளில் பல, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான்கள். நம் 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல்தான் இது! இவை வேகமானவை, ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பக்கவாட்டு ஆட்டமும் குறைவு. ஆனால், பெரும்பாலும் மூடிய ஏசி கேபின், வெளிக்காற்று கிடையாது. அரசு ஃபெர்ரி மெதுவாகப் போகும், ஆனால் டெக்கில் நின்று காற்று வாங்கலாம். மூடிய இடம் என்றாலே குமட்டும் என்பவருக்கு அரசு ஃபெர்ரி. சீக்கிரம் முடிந்தால் போதும் என்பவருக்குத் தனியார். எதுவானாலும் சீட் நடுப்பகுதியிலோ சற்றுப் பின்னாலோ, கீழ்த்தளத்தில் இருக்கட்டும். முன்வரிசை சீட் வியூ சூப்பராக இருக்கும், தூக்கிப் போடுவதும் அங்கேதான் அதிகம்.

மாத்திரையில் நாம் செய்யும் தப்பு

குமட்டல் ஆரம்பித்த பிறகு மாத்திரை தேடுவதுதான் முதல் தப்பு. அதற்குள் வயிறு வேலைநிறுத்தம் பண்ணியிருக்கும், மருந்து உடம்பில் சேராது. மருந்தைப் பொறுத்து, ஏறுவதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

இரண்டாவது தப்பு, மெடிக்கல் ஷாப்பில் 'வாந்தி மாத்திரை கொடுங்க' என்று பொதுவாகக் கேட்பது. வயிற்றுக் கோளாறால் வரும் வாந்திக்குப் பரவலாகத் தரப்படும் ஆன்டன்செட்ரான், பயணக் குமட்டலைத் தடுக்கப் பெரிதாக உதவாது. இதற்கென இருப்பவை புரோமெதசின், மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின் போன்றவை. எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இவை தூக்கத்தையும் வாய் வறட்சியையும் உண்டாக்கும். கிளாக்கோமா, புரோஸ்டேட் பிரச்னை உள்ள பெரியவர்கள், கர்ப்பிணிகள், வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு புரோமெதசின் கொடுக்கவே கூடாது. ஸ்கூபா செய்பவர்கள், இந்த மாத்திரை போட்டிருந்தால் முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் எழுதிக்கொடுத்ததை, ஊரில் இருக்கும்போதே ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

இஞ்சி? சிலருக்கு ஓரளவு உதவுகிறது, இஞ்சி மரப்பாவைப் பையில் போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்வது டீசல் நாற்றத்தை மறைத்து ஆறுதல் தரும், ஆனால் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது.

படகுல ஏறியாச்சா? இதை மட்டும் செய்யுங்க!

* வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி சரியான அளவு. முந்தைய ராத்திரி எண்ணெய்ப் பலகாரம், மது இரண்டுக்கும் லீவு.

* பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். தூரத்துத் தீவு தெரிந்தால் அதைப் பார்க்கலாம். எதுவும் தெரியாத மூடிய கேபின் என்றால், தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிவிடுவதே மேல்.

* போன் உள்ளே! ரீல்ஸ் பார்ப்பது, மெசேஜ் டைப் பண்ணுவது மட்டுமில்லை, போன் ஸ்கிரீன் வழியாகக் கடலை வீடியோ எடுப்பதும் குமட்டலைக் கூட்டும். அம்மாவிடம் 'இத பாரும்மா' என்று போனை நீட்டாதீர்கள்.

* 'வாந்தி வருதா? வாந்தி வருதா?' என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள். ஊர்க்கதை பேசுங்கள், பாட்டுப் போடுங்கள். கவர், ஈரத்துணி, தண்ணீர் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

* வாந்தி வந்துவிட்டால் கவர்தான் பாதுகாப்பு. படகின் ஓரத்தில் எட்டிக் குனிவது ஆபத்து. பிறகு ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சக் கொடுங்கள்.

* இறங்கிய பிறகு, ராத்திரி படுக்கும்போது கட்டில் ஆடுவது மாதிரி இருக்கலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

ஏழு நாள் பிளான் ரெடி!

முதல் நாள்: காலை விமானம், மதியம் ஓய்வு, மாலையில் சிடியா டாப்பு.

இரண்டாம் நாள்: காலை ராஸ் தீவு, அதாவது டெஸ்ட். மாலையில் செல்லுலார் ஜெயில்.

மூன்றாம் நாள்: விடியற்காலை சிப்பிகாட். பிறகு முழு ஓய்வு. அம்மா ரெடியா என்று முடிவெடுக்கும் நாள் இது.

நான்காம் நாள்: காலை ஃபெர்ரியில் நீல் அல்லது ஹேவ்லாக்.

ஐந்தாம் நாள்: அதே தீவில், கடல் உள்வாங்கும் நேரத்தை வைத்துச் சுற்றல்.

ஆறாம் நாள்: காலை ஃபெர்ரியில் போர்ட் பிளேர். மாலை சமுத்ரிகா.

ஏழாம் நாள்: விமானம்.

ஃபெர்ரியில் திரும்பும் நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. வானிலை மாறினால் ஃபெர்ரி ரத்தாகும், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்த ஒருநாள் இடைவெளிதான் கடல் மோசமாக இருந்தால் 'இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் போலாம்' என்று சொல்லும் தைரியத்தையும் தரும். வண்டூர் வேண்டுமென்றால் நான்கு, ஐந்து, ஆறாம் நாள்களின் ஃபெர்ரியை விட்டுவிட்டு, அதில் ஒருநாளை இதற்குக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 'அம்மாவை ரூம்ல விட்டுட்டு நாம போயிட்டு வந்துடலாம்' என்ற வசனம் இந்த டிரிப்பில் வரவே கூடாது. தம்பி ஸ்கூபா போகட்டும். அந்த நேரத்தில் அம்மாவோடு கரையில் இருக்கும் ஒருவர் இன்று நீங்கள், நாளை அப்பா, மறுநாள் அக்கா என முறை வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்காக எல்லாரும் தியாகம் செய்வதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். அவர் கூச்சப்பட்டு, அடுத்த டிரிப்புக்கு 'வரல' என்பதை இன்னும் சீக்கிரமாகச் சொல்லிவிடுவார்.

இப்போது அந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறங்கள். 'அந்தமான் போலாமா?' என்று கேட்காதீர்கள். 'அம்மா, ஏழு நாள்ல மொத்தமே நாலு மணி நேரம்தான் கடல்ல இருப்போம். மீதி எல்லாம் கரைதான். மான் பக்கத்துலயே வந்து நிக்குமாம்' என்று அனுப்பிப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு வரும் பதில் இந்த முறை, 'என்னென்ன துணி எடுத்து வைக்கணும்?' என்று இருக்க வாய்ப்பு அதிகம்!